விரட்டினால் முதுகுதான் கிடைக்கும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற தை மாதம் பழவேற்காட்டில் படகு பிடித்துப் பூநாரைகளைப் பார்க்கப் போனோம். தூரத்தில் வெள்ளைக் கோடு போல நின்றிருந்தன. "கிட்டே போய் விரட்டினால் மொத்தமாகக் கிளம்பும், படம் நன்றாக வரும்" என்றார் படகோட்டி. அப்படியே செய்தோம். நூற்றுக்கணக்கில் எழும்பின. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றுகூட உருப்படியில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, வாலும் காலுமாக ஒரே கசகசப்பு. என்னிடம் 70-300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. தூரத்தை இன்னும் கிட்டே இழுக்கும் 600 வாங்கினால் சரியாகிவிடுமா?

வாசகர், பொன்னேரி

அன்புள்ள நண்பருக்கு,

வாங்காதீர்கள். உங்கள் படங்களைக் கெடுத்தது லென்ஸ் அல்ல, விரட்டல்.

மிரண்ட பறவை மிரட்டியவரிடமிருந்து விலகித்தான் பறக்கும். அப்போது கேமராவுக்குக் கிடைப்பது முதுகும் காலும்தான். 600 இருந்திருந்தால் அதே காலைப் பெரிதாக எடுத்திருப்பீர்கள். மிரளும் கூட்டம் முதலில் நெருக்கியடித்துக்கொள்ளும், பிறகுதான் எழும்பும். நீங்கள் சொல்லும் கசகசப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பிவிடாது. கழுத்தை முன்னால் நீட்டி, தண்ணீரின்மேல் தடதடவென்று சில எட்டு ஓடித்தான் மேலேறும். ஓடிய வழி நெடுக வெள்ளைத் தெறிப்புகள் வரிசையாக எழும். அதற்கு எதிர்காற்று வேண்டும். எனவே தன் விருப்பத்தில் கிளம்பும் கூட்டம் பெரும்பாலும் காற்று வரும் திசையை நோக்கித்தான் ஓடும். காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் அது உங்கள் பக்கம் முகம் காட்டி வரும். தை மாதக் காலையில் பழவேற்காட்டில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும், வெயிலும் கிழக்கே. கூட்டத்துக்குக் கிழக்கே, நல்ல தூரத்தில் படகை நிறுத்திவிட்டால் காற்று, வெளிச்சம் இரண்டும் உங்களுக்குப் பின்னால். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தே வர, வெயில் மேற்கே போய்விடும். அப்போது முகமும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்காது. நிழலுருவமாக எடுங்கள். நீண்ட கழுத்தும் நீண்ட காலும் உள்ள பறவைக்கு அதுவும் அழகுதான். வாத்துக் கூட்டத்தை அப்படி எடுத்தால் புள்ளிகள்தான் மிஞ்சும்.

எப்போது கிளம்பும் என்று பறவையே சொல்லிவிடும். இரை தேடும்போது தலை தண்ணீருக்குள், அலகு தலைகீழாக இருக்கும். புறப்படும் முன் கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிரும், எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கும். உங்கள் படகு நெருங்கியதும் கழுத்துகள் நிமிர்ந்தால் அதற்குப் பொருள் வேறு: அதற்குமேல் ஓரடியும் போகாதீர்கள்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமாக, வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளை எஃப் 8 அளவில் வையுங்கள். ஃபோகஸைக் கூட்டத்தின் நடுவில் வைக்காமல், உங்களுக்கு நெருங்கிய ஓரத்தில் வையுங்கள். வெளிர்ந்த வானத்தின் முன்னால் பறவை கருத்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கொஞ்சம் கூட்டுங்கள். கருநீரின் முன்னால் வெளுத்துவிடும், குறையுங்கள். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் கானல் ஆடும். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் அதைத் துளைக்காது. நீளமான லென்ஸில் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

மொத்தக் கூட்டத்தையும் ஒரே சட்டகத்தில் திணிக்கும் ஆசையை விடுங்கள். ரோம் நகரின் தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பலாட்சோ மாசிமோ அருங்காட்சியகத்தின் கூரையில் கேமராக்களை நிறுத்தி, மாலையில் அடைய வரும் மைனா இனப் பறவைக் கூட்டங்களைச் சில இயற்பியலாளர்கள் படமெடுத்தார்கள். 2021-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜியோ பரீசியும் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது என்பது அந்தப் படங்களிலிருந்து 2008-இல் வெளியான முடிவு. பூநாரைக்கும் அதே கணக்குதான் என்று நான் சொல்ல வரவில்லை. படமெடுப்பவருக்கு அது நல்ல அளவு என்கிறேன். இறக்கைகள் ஒன்றோடொன்று மோதாமல், இடையில் வானம் தெரிய ஏழு பறவை கிடைத்தால் அதுவே கூட்டம். நின்றால் அழுக்கு வெள்ளையாகத் தெரியும் பூநாரை இறக்கையை விரித்ததும் உள்ளிருந்து செந்நிறம் வரும், ஓரத்தில் கறுப்பு. அந்த நிறத்துக்கு உங்கள் 300 தாராளம்.

படகோட்டியை நான் குறை சொல்லமாட்டேன். விரட்டிக் காட்டினால்தான் வருகிறவர்கள் கூடுதலாக ஏதாவது தருகிறார்கள். பறவைக்கோ அது இரையெடுக்கும் நேரம். ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை ஓடி எழும்பினால் தின்றது அதற்கே செலவாகிவிடும். அடுத்தமுறை ஏறும்போதே பேசி முடித்துவிடுங்கள்: இன்ஜினைத் தூரத்திலேயே அணைத்துவிட வேண்டும், காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி, பறக்காவிட்டாலும் அதே கூலி. விடிவதற்கு முன்பே படகில் இருங்கள். லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பைனாகுலர் வாங்கி அவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏரியில் எந்தப் பக்கம் கூட்டம் இறங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்.