கிரவுஸுக்கும் வான்கோழிக்கும் ஒரே ஷாட்கன்: எவ்வளவு லேசாக வாங்கலாம்?

கேள்வி: பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. போன இலையுதிர் காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு ஆலிகனி காட்டுக்குப் போய், துப்பாக்கி இல்லாமல் கூடவே நடந்து பார்த்தேன். இந்த வருஷம் பயிற்சி வகுப்பு முடித்து உரிமமும் எடுத்துவிட்டேன். இலையுதிர் காலத்தில் கிரவுஸ், ஃபெசன்ட் பறவைகள், வசந்தத்தில் வான்கோழி. எல்லாவற்றுக்கும் ஒரே ஷாட்கன் (ஒரே வெடியில் பல சின்ன ரவைகளை அனுப்பும் துப்பாக்கி), அதுவும் லேசாக வேண்டும். என் உயரம் 5 அடி 5 அங்குலம். கடைக்காரர் ஐந்தே கால் பவுண்டு எடையில் ஒரு 20 கேஜ் செமி ஆட்டோவைக் காட்டுகிறார். நண்பர் ஒருவர் தன் பழைய 12 கேஜ் ரெமிங்டன் 870-ஐ மலிவாகத் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: 20 கேஜ் எடுங்கள் (கேஜ் என்பது குழலின் அகல அளவு; எண் குறைந்தால் குழல் பெரிது). 3 அங்குல சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), 26 அங்குலக் குழல், மாற்றிக்கொள்ளும் சோக் (ரவை எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைத் துண்டு), எடை ஆறிலிருந்து ஆறரை பவுண்டுக்குள். முன்பிடியைக் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப்பா, தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவா என்பதைப் பணம் முடிவு செய்யட்டும். கடைக்காரர் காட்டுவது நல்ல துப்பாக்கிதான், ஆனால் முதல் துப்பாக்கியாக அதை வாங்க வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கேட்பது ஒரே வேலை அல்ல. கிரவுஸ் ஒன்றரை பவுண்டுகூட இல்லாத பறவை. காலடியில் இருந்து திடீரென்று எழும்பி, இரண்டு விநாடிக்குள் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அதற்காக நாள் முழுக்கப் புதரிலும் சரிவிலும் துப்பாக்கியைக் கையில் ஏந்தியபடி நடக்கிறீர்கள். சுடுவது பெரும்பாலும் 25 கஜத்துக்குள். வான்கோழிச் சேவலோ 20 பவுண்டு வரை வரும். அதற்கு மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மேல் துப்பாக்கியை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். உடம்பைப் பார்த்துச் சுடுவதே இல்லை, தலையும் கழுத்தும்தான் குறி. ஆக, எடை குறைவாக இருப்பதன் லாபம் முழுக்க இலையுதிர் காலத்துக்கு. அதன் வலி முழுக்க வசந்தத்துக்கு.

வலி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே தோட்டாவை எட்டு பவுண்டு துப்பாக்கியில் போட்டுச் சுடுவதைவிட, ஆறு பவுண்டு துப்பாக்கியில் சுட்டால் தோளில் இடிக்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கிரீனர் பெயரால் வழங்கும் 96 விதி ஒன்று உண்டு: தோட்டாவில் உள்ள ரவையின் எடையைப் போல 96 மடங்காவது துப்பாக்கி எடை இருக்க வேண்டும். 1 அவுன்ஸ் ரவைக்கு 6 பவுண்டு. முக்கால் அவுன்ஸும் கொஞ்சமும், அதாவது 7/8 அவுன்ஸ் ரவைக்கு ஐந்தே கால் பவுண்டு. கடைக்காரர் துப்பாக்கியின் எடை சரியாக இங்கே வந்து நிற்கிறது பாருங்கள். 7/8 அவுன்ஸ் தோட்டாவோடு கிரவுஸ் காட்டில் நடக்க அது அருமையான துணை. அதே துப்பாக்கியில் ஒன்றரை அவுன்ஸ் வான்கோழித் தோட்டாவைப் போட்டால் விதி கேட்பது 9 பவுண்டு. உங்கள் கையில் இருப்பதோ அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"வருஷத்துக்கு ஒரு வான்கோழி, ஒரே ஒரு வெடி, தாங்கிக்கொள்ள மாட்டேனா?" என்று கேட்கலாம். வேட்டையில் தாங்கிக்கொள்வீர்கள், அந்த நேரத்தில் இடித்ததே தெரியாது. காகிதத்தில் சுட்டுப் பார்க்கும் நாளில்தான் தெரியும். மூன்றாவது தோட்டாவுக்கு முன்னாலேயே கண் தானாக மூடிக்கொள்ளும், விசையை இழுக்கும் விரல் சுண்டும். புதியவர் ஒருவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு கிரவுஸைச் சுடும்போதும் விடாது. எனக்கு இதில்தான் அக்கறை.

லேசான துப்பாக்கிக்கு இன்னொரு குணம் உண்டு. தோளுக்கு மின்னல் மாதிரி வரும், அதே வேகத்தில் நின்றும் விடும். பறக்கும் பறவையோடு குழல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் ரவை போய்ச் சேரும். விசையை இழுக்கும் நொடியில் குழல் நின்றால் ரவை பறவைக்குப் பின்னால்தான் போகும். குழலில் கொஞ்சம் எடை இருந்தால் அது தன் போக்கில் ஓடும். பல வருஷம் சுட்டவர் ஐந்தே கால் பவுண்டிலும் கையை நிறுத்தாமல் சுடுவார். தொடங்குபவருக்கு அந்த முக்கால் பவுண்டு கூடுதல் எடை ஆசிரியர் மாதிரி. 22 அங்குலக் குழல் வேண்டாம், 26 எடுங்கள் என்பதும் இதனால்தான்.

சரி, 12 கேஜிலேயே லேசானது எடுத்தால்? ஆறு பவுண்டில் 12 கேஜ் துப்பாக்கிகள் இருக்கின்றன. உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். 12 கேஜ் வைத்திருப்பவர் கடையில் கிடைக்கும் 1⅛, 1¼ அவுன்ஸ் தோட்டாவைத்தான் அள்ளிக்கொண்டு வருவார். வான்கோழிக்கு 2 அவுன்ஸ் தோட்டாகூட விற்கிறார்கள். எடை குறைவு, வெடிமருந்து அதிகம் என்ற இரண்டும் ஒரே தோளில் வந்து இறங்கும்.

முன்பெல்லாம் வான்கோழிக்கு 12 கேஜ்தான் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. ஈய ரவையில் தலைக்கும் கழுத்துக்கும் போதுமான அடர்த்தி வேண்டுமென்றால் நிறைய ரவை அனுப்ப வேண்டும், அதற்குப் பெரிய தோட்டா வேண்டும். அந்தக் கணக்கை மாற்றியது டங்ஸ்டன். டிஎஸ்எஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் டங்ஸ்டன் கலவை ரவையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 18 கிராம். ஈயம் 11-தான், இரும்பு எட்டுக்கும் குறைவு. அடர்த்தி கூடினால் சின்ன ரவையே ஆழமாக இறங்கும். ரவையின் எண் கூடினால் அளவு சிறிது: ஈயத்தில் 5-ஆம் எண் ரவை செய்த வேலையை டங்ஸ்டனில் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 9-ஆம் எண் ரவை செய்துவிடும். ஈயத்தில் 5-ஆம் எண் ரவை ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 170 இருக்கும். டிஎஸ்எஸ் 9-ஆம் எண்ணில் சுமார் 360. அதாவது 20 கேஜ் ஒன்றரை அவுன்ஸ் தோட்டாவில் ஐந்நூறுக்கு மேல் ரவை. பழைய 12 கேஜ் 1¾ அவுன்ஸ் ஈயத் தோட்டாவில் முந்நூறுதான். இந்த விஷயத்தில் 20 கேஜ் இன்றைக்கு யாருக்கும் இளைத்தது அல்ல.

விலைதான் கசப்பு. ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தொடும். அது வேண்டாம் என்றால் 3 அங்குல 20 கேஜில் 1¼ அவுன்ஸ், செம்பு பூசிய 6-ஆம் எண் ஈயத் தோட்டா இருக்கிறது. அதில் 280 ரவை. ஆனால் 30 கஜத்துக்கு மேல் சுட மாட்டேன் என்று மனதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிஎஸ்எஸ் போட்டாலும் என் கோடு 40 கஜம்தான்.

சோக் விஷயம் எளிது. கிரவுஸுக்கு லேசான இறுக்கமுள்ள இம்ப்ரூவ்டு சிலிண்டர், 7½-ஆம் எண் ரவை, 7/8 அவுன்ஸ். ஃபெசன்ட்டுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மாடிஃபைடு, 1 அவுன்ஸ், 6 அல்லது 5-ஆம் எண். வான்கோழிக்கு டங்ஸ்டனுக்கென்றே செய்த இறுக்கமான சோக். டிஎஸ்எஸ் இரும்பைவிடக் கடினமானது. குழலோடு சேர்ந்தே கடைந்த பழைய ஃபுல் சோக்கில் அதைச் சுட்டால் குழல் கெட்டுப்போகலாம்.

காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டரை அடிக்குக் குறையாத பழுப்புக் காகிதத்தில் நடுவில் ஒரு புள்ளி. முதலில் 20 கஜத்தில், மலிவான சாதாரணத் தோட்டாவால், மேஜையில் தாங்கு வைத்துச் சுடுங்கள். ரவைக் கூட்டம் புள்ளியைச் சுற்றி விழுகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று தெரியும். ஒதுங்கினால் வான்கோழிப் பருவத்துக்கு ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) பொருத்திச் சரிசெய்யலாம், இலையுதிர் காலத்தில் கழற்றிவிடலாம். ரிசீவரின் (விசைக்கு மேலுள்ள உலோக உடற்பகுதி) மேல் இதற்கான திருகுத் துளைகள் உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள். அப்புறம் 40 கஜத்தில் விலையுயர்ந்த தோட்டா. ரவை அதிகம் விழுந்த இடத்தை மையமாக வைத்து 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். நூறு ரவை விழுந்தால் போதும் என்பது வான்கோழி வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. வராவிட்டால் தூரத்தைக் குறையுங்கள். இன்னும் இறுக்கமான சோக் எப்போதும் மருந்தாகாது.

எடையைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது: தோளில் ஊன்றும் கட்டையின் நீளம். கடையில் இருப்பவை பெரும்பாலும் விசையிலிருந்து கட்டையின் அடி வரை 14¼, 14½ அங்குலம். உங்கள் உயரத்துக்கு, அதுவும் குளிர் கோட்டின் மேல், அது நீளம். அடிக்கட்டை அக்குளில் மாட்டும். 13½ பக்கம் இருந்தால் சரியாக வரும். கடையில் இப்படிச் செய்யுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். துப்பாக்கி காலி என்று நீங்களே திறந்து பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னம் தன் இடத்தில் உட்கார்ந்ததும் கண்ணைத் திறங்கள். குழலின் மேல் பட்டை ஒரு கோடாகவும் நுனி மணி நடுவிலும் தெரிந்தால் அது உங்களுக்கானது. ரிசீவரின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கன்னம் தாழ்ந்துபோகிறது. பட்டை சாலை மாதிரி நீளமாக விரிந்து தெரிந்தால் கன்னம் மேலே நிற்கிறது. நீளத்தையும் சாய்வையும் மாற்றும் தகடுகளோடு வரும் மாடலாகப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். சிறுவர் மாடல் பலருக்குப் பரிந்துரைக்கப்படும்; கட்டை பொருந்தும், ஆனால் குழல் குட்டையாகி முன்பக்க எடை போய்விடும்.

செமி ஆட்டோவில் இரண்டு வகை. வெடியின் கேஸில் இயங்குவது இடியைக் கொஞ்சம் விழுங்கும், எடை சற்றுக் கூடும், சுத்தம் செய்யும் வேலை அதிகம். துப்பாக்கி பின்னால் இடிக்கும் அசைவால் இயங்கும் இனர்ஷியா வகை லேசு, சுத்தம், ஆனால் இடி அப்படியே வரும். கடைக்காரர் காட்டியது இனர்ஷியா வகையாக இருந்தால் இன்னொன்று கவனிக்க வேண்டும். வான்கோழிக்காக விடியும் முன் இருட்டில் உட்காரும்போது சத்தம் வரக்கூடாதென்று போல்ட்டை (தோட்டாவின் பின்னால் அடைத்துப் பூட்டும் உலோகப் பாகம்) கையால் பிடித்து மெதுவாக மூடுவோம். போல்ட்டின் தலை முழுக்கத் திரும்பிப் பூட்டாமல் போகலாம். சேவல் முன்னால் நிற்கும்போது விசையை இழுத்தால் "க்ளிக்" என்ற சத்தம் மட்டும்தான். போல்ட்டை முழு வேகத்தில் விட்டுவிட்டு, கைப்பிடி முன்னால் முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இரட்டைக் குழல் துப்பாக்கி கிரவுஸ் காட்டுக்கு மிக அழகு. ஆனால் வான்கோழிக்கு ரெட் டாட் பொருத்துவது தொல்லை, விலையும் அதிகம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பென்சில்வேனியாவில் இந்தப் பறவைகளுக்கு மேகசினும் (தோட்டா அடுக்கும் குழாய்) சேம்பரும் சேர்த்து மூன்று தோட்டாதான். அதற்கு மேல் போகாதபடி மேகசினில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெசன்ட்டுக்குத் தனி பெர்மிட் உண்டு. வான்கோழிக்கு ரவை எண்ணின் வரம்பை மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷனின் கையேட்டில் அந்தந்த வருஷம் பாருங்கள். இலையுதிர் காலத்தில் பளிச்சிடும் ஆரஞ்சு உடை கட்டாயம். வசந்தத்தில், சட்டத்துக்காக அல்ல, உங்கள் பாதுகாப்புக்காக, சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கும், கைக்குட்டையில்கூட, இருக்கக்கூடாது. சேவலின் தலை நிறம் அதுதான், இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு நீங்களே வான்கோழியாகிவிடுவீர்கள். இதைப் படிக்கும் ஹெச்-1பி விசாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. உரிமம் இல்லாமல் கூட நடக்கப் போகிறீர்கள் என்றால் "கொஞ்சம் பிடி" என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இனி நண்பரின் 870. 1950-இல் இருந்து செய்யப்பட்டுவரும் பம்ப், நம்பலாம். 12 கேஜில் ஏழு பவுண்டுக்கு மேல் வரும். கையில் காசு இறுக்கமாக இருந்தால் அதையே எடுத்து, கட்டையைக் குறைத்து, கிரவுஸுக்கு 1 அவுன்ஸ் மெல்லிய தோட்டா போட்டுச் சுடுங்கள். முதல் வருஷத்துக்குக் கை கனக்கும், அவ்வளவுதான். ஐந்தே கால் பவுண்டில் தொடங்குவதைவிட இது மேல். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதையும், கூடவே ஒரு 20 கேஜையும் வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிப்போய்க் குழலின் முன்பகுதியில் சிக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் உங்கள் இடது கைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதைத் தடுக்கத்தான். நீங்கள் போடும் கோட்டின் பைகளில் ஒரே கேஜ் தோட்டாதான் இருக்க வேண்டும். துப்பாக்கியை மாற்றி எடுக்கும் நாளில் கிளம்பும் முன் எல்லாப் பையையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள்.