நார்வே கடையில் சொல்லும் விலை புரியவில்லையா?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஓஸ்லோ வந்திருக்கிறேன். நார்வேஜியனில் நூறு வரை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் கடையில் தொகையைச் சொன்னால் ஒன்றும் பிடிபடுவதில்லை. பேசாமல் கார்டை நீட்டிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: கடையில் யாரும் தொகையை முழுதாகச் சொல்வதில்லை, அதுதான் சிக்கல். 39,90 என்ற விலையை 'த்ரெட்டினி நிட்டி' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். குரோனர் (நார்வே நாணயம்), ஓரே (குரோனரில் நூறில் ஒரு பங்கு) என்ற சொற்களே வராது. இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது குரோனர், பின்னது ஓரே. கடைசி ஓரே நாணயமும் 2012-லேயே செல்லாமல் போய்விட்டது. ரொக்கம் கொடுத்தால் முழுக் குரோனருக்குச் சரிசெய்வார்கள். கார்டில் மட்டும் ஓரே வரை கழியும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. 52 என்பது 'ஃபெம்டி டூ', நம் ஐம்பத்திரண்டு போலவே. வயதானவர்களோ 'டூ ஒ ஃபெம்டி' என்பார்கள், அதாவது இரண்டும் ஐம்பதும். தொலைபேசி எண்கள் குழம்பியதால் 1951-இல் அரசே புது முறையைக் கொண்டுவந்தது. பழையது இன்னும் போகவில்லை. ஆகவே சின்ன எண்ணுக்குப் பின் 'ஒ' வந்தால் மனசுக்குள் திருப்பிப் போடுங்கள். 'ஹுன்ட்ரெ ஒ ஃபெம்டி' என்றால் மட்டும் திருப்ப வேண்டாம், அது வெறும் நூற்றைம்பதுதான்.

1,500-ஐப் பெரும்பாலும் 'ஃபெம்டென் ஹுன்ட்ரெ', பதினைந்து நூறு என்பார்கள். 'ஹுன்ட்ரெ ஸ்பென்' என்று காதில் விழுந்தால் பயப்படாதீர்கள், பேச்சு வழக்கில் நூறு குரோனர்.

இன்னொன்று: உங்களுக்குப் புரியாமல் போவது பல நேரம் விலையே அல்ல. 'பூசெ' என்றால் பை வேண்டுமா என்கிறார். 'க்விட்டெரிங்' என்றால் ரசீது.

சரி, பழகுவது எப்படி? தொகை காதில் விழுந்ததும் திரையைப் பார்க்காமல் மனசுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டு, அப்புறம் பாருங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் 'வா பிளீர் டெ?' (மொத்தம் எவ்வளவு?) என்று நீங்களே கேளுங்கள். பழைய பொருள் வாங்கும்போதும் தோழிகளோடு சாப்பிட்டுவிட்டுப் பங்கு பிரிக்கும்போதும் 'விப்ஸ் பண்ணிவிடு' என்பார்கள். விப்ஸ் என்பது 2015-இல் வந்த பணம் அனுப்பும் செயலி, அதன் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அதற்கு நார்வே அடையாள எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டும், அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.