அமெரிக்காவில் மகள் 9ஆம் வகுப்பு போகிறாள். ஹை ஸ்கூல் முதல் வருடப் பாடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. நான் புரிந்துகொண்டது இவ்வளவு: சென்னையிலிருந்து கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் எட்டாவது படிக்கிறாள், ஆகஸ்டில் ஹை ஸ்கூல். பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஆனர்ஸ் (அதே பாடத்தின் கடினமான வகுப்பு) போட்டுவிடலாமா, தப்பாகப் போட்டால் பின்னால் மாட்டிக்கொள்வோமா என்று பயப்படுகிறீர்கள்.

நான் இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. பெரியவனுக்கு அந்தப் படிவத்தைத் தப்பாக நிரப்பியவர்கள் நாங்கள். சின்னவளுக்குக் கொஞ்சம் தேறிவிட்டோம். பள்ளியில் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் வேலை பார்ப்பவள் அல்ல, பட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற கணக்கில் படியுங்கள்.

முதலில் நம் ஊர் 'குரூப்' நினைப்பை இறக்கி வைத்துவிடுங்கள். மதுரையில் நான் பத்தாவது முடித்தபோது மார்க் ஷீட்டைப் பார்த்து ஃபர்ஸ்ட் குரூப் கொடுத்தார்கள். ஐந்து நிமிட வேலை, அத்தோடு வாழ்க்கை ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. அந்தப் பயம்தான் நமக்கு இங்கேயும் கூடவே வருகிறது. இங்கே குரூப் கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாலு வருடமும் படிவம் வரும். பல பாடங்களை இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் எடுக்கலாம். கணிதமும் மொழியும் மட்டும் அப்படி இல்லை. அவை ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருபவை. ஒன்பதாவதில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இந்த இரண்டுக்கும்தான்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். பெரியவனின் படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே நாலு வருடத்துக்கும் எக்செல் ஷீட் போட்டு, ஏபி (கல்லூரித் தரப்) பாடங்களுக்குப் பச்சை நிறம் அடித்து வைத்திருந்தார். பையன் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருந்தான். சாதாரணமாக ஒன்பதாவதில் ஜியோமெட்ரி, பத்தாவதில் அல்ஜீப்ரா 2, பிறகு பிரீகால்குலஸ், பன்னிரண்டாவதில் கால்குலஸ் என்று போகும். அதுவே தாராளம். ஆனால் வாட்ஸாப் குழுவில் யாரோ கோடை விடுமுறையில் ஜியோமெட்ரியை முடிக்க வைத்தார்களாம். சரி, நாமும் செய்வோம் என்று ஆறு வாரத்தில் அவனுக்கு முழு வருட ஜியோமெட்ரியைப் புகட்டினோம். ஒன்பதாவதில் நேராக அல்ஜீப்ரா 2.

அக்டோபரில் எல்லாம் வெளியே வந்தது. வீட்டுப்பாடம் பண்ணுவான், டெஸ்டில் விழுவான். ராத்திரி பதினொன்றரைக்கு சமையலறை மேசையில் ஒரே கணக்கை மூன்று தாளில் போட்டு மூன்றையும் கசக்கி வைத்திருந்தான். "புரியலைம்மா, ஆனா புரியலைன்னு சொன்னா அப்பா டியூஷன் வைப்பார்" என்றான். முதல் செமஸ்டரில் டி வந்தது, சி-க்கும் கீழே இருக்கும் கிரேடு.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம்: கலிஃபோர்னியாவில் 2015இல் ஒன்பதாம் வகுப்புக் கணித இடவைப்புக்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிள்ளையை எந்தக் கணித வகுப்பில் போடுவது என்பதற்கு ஒவ்வொரு டிஸ்டிரிக்டும் (வட்டாரப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வெளிப்படையான விதிமுறை வைத்திருக்க வேண்டும். பள்ளி திறந்த முதல் மாதத்துக்குள் ஒரு முறையாவது சரியான வகுப்பில்தான் இருக்கிறானா என்று பார்த்தாக வேண்டும். முடிவில் திருப்தி இல்லாத பெற்றோர் முறையிடவும் வழி உண்டு. செப்டம்பரிலேயே ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் ஜியோமெட்ரிக்கு மாற்றியிருப்பார்கள். நமக்கு அப்படிக் கேட்கும் பழக்கமே இல்லை.

அந்த டி கடைசியில் அவனைக் கவிழ்க்கவில்லை. இரண்டாம் செமஸ்டரில் முக்கி முனகி சி வாங்கினான். கணிதத்திலும் மொழியிலும் பின்னால் வருவதில் சி வாங்கிவிட்டால், முன்னால் விழுந்த ஓட்டை அடைபட்டதாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் யூசி, எடுத்துக்கொள்கிறது. ஆனால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது ஹை ஸ்கூல் மதிப்பெண் பதிவில், அந்த எழுத்து இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் மகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். இந்தியப் பிள்ளை, கணக்கில் முன்னால்தான் இருப்பாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கைக்கணக்கில் இருப்பாள். ஆனால் நம் பாடத்திட்டத்தில் எல்லாம் கலந்து வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இருபடிச் சமன்பாட்டை சிபிஎஸ்இ பத்தாவதில்தான் முறையாகத் தொடுகிறது. இங்கே அது அல்ஜீப்ரா 1இலேயே வந்துவிடும். எனவே இப்போது எந்தக் கணித வகுப்பில் இருக்கிறாளோ அந்த ஆசிரியரிடம், "அடுத்து எதற்குத் தயார்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் அல்ஜீப்ரா 1 என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒன்பதாவதில் அதைத் தொடங்கினாலும் யூசி கேட்கும் மூன்று வருடக் கணிதம் பதினொன்றாவதில் முடிந்துவிடும். பன்னிரண்டாவதில் பிரீகால்குலஸ் எடுக்கலாம். (சில டிஸ்டிரிக்டில் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி என்று பிரிக்காமல் இன்டகிரேட்டட் மேத் 1, 2, 3 என்று வைத்திருப்பார்கள். நம் ஊர் முறைக்கு அது கிட்டத்தில் வரும்.)

மொழி விஷயம் சுலபம். யூசிக்கு ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியில் இரண்டு வருடம் வேண்டும், மூன்று இருந்தால் நல்லது. ஒன்பதாவதில் ஸ்பானிஷ் 1 தொடங்கினால் நிதானமாகப் போகும், பதினொன்றில் தொடங்கினால் மூச்சு முட்டும். தமிழை இதற்குக் கணக்கில் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் மாதிரி வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பதற்குச் சில டிஸ்டிரிக்டுகள் ஹை ஸ்கூல் கிரெடிட் தருகின்றன. உங்கள் பள்ளி தருமா என்பதைச் சேர்வதற்கு முன் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் தமிழ் படித்த மார்க் ஷீட் இருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மற்ற கட்டங்களில் பெரிய யோசனைக்கு இடமில்லை. ஆங்கிலம் நாலு வருடமும் கட்டாயம். அறிவியலில் பயாலஜி, அல்லது சில பள்ளிகளில் லிவிங் எர்த் என்ற பெயரில் அதையே. பி.ஈ. என்ற உடற்கல்வியிலிருந்து ஒன்பதாவதில் தப்பிக்க முடியாது, மாநிலச் சட்டம் இரண்டு வருடம் கேட்கிறது. 'சோஷியல் எங்கே, காணோமே' என்று பதறாதீர்கள். பல பள்ளிகளில் உலக வரலாறு பத்தாவதில்தான் வரும்.

உங்களைப் போல் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விஷயம். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி தமிழ் என்று எழுதியிருப்பீர்கள். அதனால் எல்பேக் என்ற ஆங்கிலத் தேர்வு வைத்திருப்பார்கள். அதன் முடிவு என்ன என்று பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேறவில்லை என்றால் ஆங்கில மேம்பாட்டு வகுப்பு ஒன்று சேரும், அது பெரும்பாலும் ஒரு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) கட்டத்தைத் தின்றுவிடும். படிவம் கொடுத்த பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது ஆனர்ஸ். யூசி போடும் ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்கள் சேர்வதே இல்லை. ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்தவைதான் கணக்கு. ஆக, ஒன்பதாவதில் ஆனர்ஸ் எடுத்தால் அவர்கள் கணக்கில் கூடுதல் புள்ளி வராது. அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்றும் இல்லை. பாடம் கணக்கில் ஏற சி-யாவது வாங்கியாக வேண்டும், தனியார் கல்லூரிகள் ஒன்பதாவதையும் பார்க்கும், பத்தாவதில் ஆனர்ஸ் வகுப்புக்குள் விடுவதற்குச் சில பள்ளிகள் ஒன்பதாவது மார்க்கைக் கேட்கும். என் அபிப்பிராயம்: அவளுக்குப் பிடித்த ஒரு பாடத்தில் ஆனர்ஸ் போடுங்கள், அதிகபட்சம் இரண்டு. புது நாடு, புதுப் பள்ளி, மதியச் சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காருவது என்பதே முதல் மாதம் முழுக்க அவளுக்கு ஒரு பாடமாக இருக்கும்.

கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். எலெக்டிவ். எங்கள் பெரியவன் அதில் பென்சிலில் 'செராமிக்ஸ்' என்று எழுதியிருந்தான். மண் பிசைகிற வகுப்பு. என் வீட்டுக்காரர் அதை அழித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எழுதினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைப் பிசைந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.

பதினொன்றாவது முடியப்போகும்போது கவுன்சிலர் கூப்பிட்டார். "எல்லாம் இருக்கிறது, 'எஃப்' எங்கே?" என்றார். யூசியும், மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டும் கேட்கும் பாடங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்து வைத்திருக்கிறார்கள், மொத்தம் 15 வருடப் பாடம்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, மொழி 2, கலை 1, எலெக்டிவ் 1. அந்த எஃப்தான் கலை. ஓவியம், இசை, நாடகம், நடனம், செராமிக்ஸ், எதுவானாலும் ஒரே துறையில் ஒரு முழு வருடம் கட்டாயம். பச்சை நிற எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. வீண் என்று நாங்கள் ரப்பர் வைத்து அழித்ததுதான் பட்டியலில் இருந்த கட்டாயப் பாடம்.

பன்னிரண்டாவதில் ஆறடி உயரத்தில் மீசை முளைத்தவன், பதினாலு வயதுக் குழந்தைகளோடு செராமிக்ஸ் 1இல் உட்கார்ந்தான். விண்ணப்பக் கட்டுரைகள் எழுதும் அக்டோபரில், நகக்கண்ணில் களிமண்ணோடு வீட்டுக்கு வருவான். அவன் செய்த முதல் டம்ளர் இடது பக்கம் சாய்ந்திருக்கும், அதில் காப்பி ஊற்ற முடியாது. அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டி போட்டு வைத்திருக்கிறேன். அந்த வருடம் முழுக்க அவன் முகம் தெளிவாக இருந்தது அந்த ஒரு பீரியடுக்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதை ஒன்பதாவதிலேயே கொடுத்திருக்கலாம்.

சின்னவள் முறை வந்தபோது படிவத்தை அவள் கையில் கொடுத்துவிட்டோம். கடைசிக் கட்டத்தில் கொயர் (குழுப் பாட்டு) எழுதினாள். வீட்டுக்காரர் "கர்னாடிக் கிளாஸ் போறாளே, அது போதாதா?" என்று ஆரம்பித்தார். வெளியே படிக்கும் பாட்டு டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது என்று அவளே பதில் சொன்னாள். வகுப்புப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தப் பள்ளியின் எந்தப் பாடம் எந்த எழுத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது என்று யூசி தளத்தில் பள்ளிவாரியாக இருக்கும் பட்டியலையும் பார்த்தோம். பத்து நிமிடம் ஆனது. நீங்களும் பாருங்கள். நல்ல பள்ளிக்கு அருகில் வீடு விசாரிக்கும் நேரத்தில் பாதிகூட வேண்டாம்.

படிவத்தை எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் கேட்பார்கள். தேதிக்கு முன்னால் கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒரு கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், அதனால் கேள்வி நாலு போதும்: கணிதத்தில் எந்த வகுப்பு, எதை வைத்து முடிவு செய்தார்கள்? முதல் மாதத்தில் மாற்ற வேண்டுமானால் கடைசித் தேதி என்ன? எல்பேக் முடிவு என்ன? தமிழுக்கு கிரெடிட் உண்டா? அந்த மின்னஞ்சலின் நகல் மகளுக்கும் போகும்படி சேர்த்துவிடுங்கள். எங்கள் கவுன்சிலர் எனக்கு இரண்டு வரிதான் எழுதுவார், சின்னவள் தானே எழுதிய மின்னஞ்சலுக்கு அன்றைக்கே அரைப் பக்கம் பதில் வந்தது.