மலையகப் பிள்ளைகளுக்கு எந்தச் சூழல் அறிவியல் புனைகதைப் படத்தைக் காட்டலாம்?

ஹட்டன் பக்கத் தோட்டப் பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் கேட்டிருந்தீர்கள். என் தெரிவு ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அசைவூட்டப் படமான 'நவுசிகா' (1984). நச்சுக் காற்றைப் பரப்பும் பூஞ்சைக் காட்டை மனிதர்கள் எரித்துவிடத் துடிக்கிறார்கள்; மனிதர் கெடுத்த மண்ணை அந்தக் காடுதான் சுத்தமாக்குகிறது என்று கதாநாயகி நவுசிகா கண்டுபிடிக்கிறாள்.

நம்ம மலைக்கும் ஒரு பூஞ்சைக் கதை உண்டே! ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டத்துரைமார் காட்டை அழித்துக் கோப்பியை மட்டுமே நட்டார்கள். 1869இல் தென்பட்ட இலைத்துரு என்ற பூஞ்சை நோய்க்குத் தடையே இருக்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் பரவிக் கோப்பியை முடித்தது. அதன்பிறகே தேயிலை பெருகியது. படம் முடிந்ததும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள்.

சின்ன வகுப்புகளுக்கு 'வால்-ஈ' (2008) நல்லது; முதல் பாதியில் பேச்சு மிகக் குறைவு, மொழி தடையாகாது.