பொட்டலம் போய்ச் சேரும் வீடு

அன்புள்ள ஐயாவுக்கு,

ஹெராயின் கடத்தியதற்காகச் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட பன்னீர்செல்வம் பரந்தாமன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நானும் விடியற்காலையில் மோட்டாரில் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன்தான். ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம், வாங்கிய கடன் வட்டிக்கு மேல் வட்டியாக ஏறியது. அவன் காட்டிய ஆளுக்காக மூன்று தடவை பொட்டலம் கொண்டுபோனேன். இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது முழங்கால் நடுங்கும். மாட்டவில்லை. நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது, ஆனால் போன் வந்துகொண்டே இருக்கிறது. ரொம்பக் களைத்துவிட்டேன் ஐயா. மனைவிக்குத் தெரியாது. பிள்ளைக்கு நான்கு வயது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியுமா? என்னைப் போன்றவனுக்கு அதற்கு உரிமை உண்டா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

பெயரோடு ஊர், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இனி இந்த விவரங்களை யாருக்கும் எழுதி அனுப்பாதீர்கள், எனக்கும்கூட.

முடியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பன்னீர் 2014இல் வுட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். அவரிடம் இருந்த ஹெராயின் 51.84 கிராம். சிங்கப்பூரில் 15 கிராமைத் தாண்டினாலே தூக்கு. பொட்டலத்தில் என்ன இருந்தது என்று தெரியாது என்றால், அதை நிரூபிக்க வேண்டியது கொண்டுபோனவர்தான். பன்னீர் வெறும் கொண்டுபோகிற ஆள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2013 முதல் நடப்பில் உள்ள விதிப்படி அது மட்டும் போதாது. போதைக் கும்பலைப் பிடிக்க உதவினார் என்று அரசுத் தரப்பு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அவருக்குத் தரவில்லை. சிறைக்குள் பாட்டும் கவிதையும் எழுதிக்கொண்டிருந்தவரை 2025 அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். சபாவைச் சேர்ந்த யோங் வுய் கோங் 2007இல் 47.27 கிராமோடு பிடிபட்டபோது அவருக்கு வயது 19. அவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது. ஆயுள் தண்டனை, 15 பிரம்படி. உயிர் தப்பியது. இந்த விதியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அடிமட்டத்தில் இருக்கிறவனுக்கு முதலாளியின் உண்மைப் பெயர்கூடத் தெரியாது. அவன் எதைச் சொல்லி உதவுவான்?

அவர்கள் இருவருக்கும் புதிய வாழ்க்கை என்று கிடைத்ததே ஒரு சிறை அறைக்குள்தான். உங்களுக்குத் தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது.

சரி, இனி சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் முழங்கால் நடுங்குகிறது, போன் அடிக்கிறது, பிள்ளை இருக்கிறான். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தவன் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

எனக்கு அவனைத் தெரியும். என் அத்தை மகன். அத்தை வீட்டில் தேக்கரண்டிகள் குறைந்துகொண்டே வந்தன. அத்தை வேலைக்கார அம்மாளைச் சந்தேகப்பட்டு, சண்டை போட்டு அனுப்பிவிட்டார். ஒருநாள் குளியலறை ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஆறு கரண்டிகள் கிடைத்தன. ஹெராயினை வைத்துச் சூடாக்கியதில் எல்லாம் அடி கருகியவை. அத்தை அவற்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். கறை போகவில்லை. தூக்கியெறியவும் மனம் வரவில்லை. அவன் இறந்து பல வருடம் கழித்து ஒருமுறை அங்கே தேநீர் குடித்தேன். கலக்கிக் கொடுத்த கரண்டியின் அடி கறுப்பாக இருந்தது.

இதைச் சொல்லி உங்களைத் தண்டிக்க நான் யார்? ஆனால் இப்போது நீங்கள் படுகிற களைப்பு பயத்தால் வந்த களைப்பு. போன் வருவது நின்று, கடனும் அடைந்துவிட்டால் அது ஒரு மாதத்தில் போய்விடும். அப்புறம் மறுபடி பணமுடை வரும், அதே ஆள் வருவான். அன்றைக்கு உங்களைத் தடுக்கப்போவது இந்தக் களைப்பு இல்லை. எங்கோ ஒரு வீட்டில் கரண்டி எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா நினைவுக்கு வந்தால்தான் கை பின்வாங்கும்.

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஓர் அப்பா வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வாரமே ஒரு கிரிமினல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள். அவரிடம் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்ல முடியாது. ஆலோங் விஷயத்தில் போலீசுக்குப் போவதா, எப்படிப் போவது என்பதையும் அவரையே கேளுங்கள். நம் மலேசியாவில் 2023 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. ஆனாலும் போதைப்பொருள் கடத்தலுக்கான 39பி பிரிவின் கீழ் நீதிபதி இன்னும் மரண தண்டனை விதிக்கலாம், நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். பாலத்தைத் தாண்டாத வேலையாகத் தேடுங்கள். சம்பளம் குறையும், வீட்டில் கேள்வி வரும்.

அதனால் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் அழலாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைக்கூட எடுக்கலாம். இருந்தாலும் இன்றிரவே, பிள்ளை தூங்கிய பிறகு சொல்லுங்கள். சொன்னதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்.