டைட்டிலைச் சுற்றிக் கறுப்புக் கோடு வருகிறது, எப்படிச் சரிசெய்வது?

வீடியோ மேல் போடும் பெயர் எழுத்தை, அதாவது டைட்டிலை, பின்னணி இல்லாமல் டிரான்ஸ்பரன்ட்டாகத்தான் சேமித்தேன், ஆனால் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால் ஒரு தடவை பின்னால் கறுப்புப் பெட்டி வருகிறது, இன்னொரு தடவை எழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டியும் கோடும் தனித்தனிக் கோளாறுகள். பெட்டி வந்தால் அநேகமாக அந்த ஃபைலுக்குள் டிரான்ஸ்பரன்ட் தகவலை வைத்திருக்கும் ஆல்ஃபா சேனலே இல்லை என்று அர்த்தம். கோடு வந்தால் ஆல்ஃபா இருக்கிறது, பெரும்பாலும் எடிட்டிங் மென்பொருள் அதைத் தவறாகப் படிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இந்தப் பக்கம் பெண் வீடு இங்கே இருக்கும், மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சியில் இருக்கும். அதனால் பெயர்களை மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் போடச் சொல்வார்கள். இரண்டுமே சுழி நிறைந்த எழுத்து. தமிழில் புள்ளி வேறு. ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தால் முதலில் அந்தப் புள்ளியிலும் சுழியிலும்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில், வெள்ளைத் துணி கட்டிய மண்டபத்தின் மேல் வெள்ளை எழுத்தில் டைட்டில் போட்டேன். பெண்ணின் பெரியப்பா பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, மாப்பிள்ளை பேரைச் சுத்தி கரி புடிச்ச மாதிரி இருக்குதுங்களே" என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்குத்தான் இதை முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம், அது சுலபம். ஜேபெக் படத்துக்கு ஆல்ஃபா கிடையாது. எம்பி4 ஆக வெளியே எடுக்கும் வழக்கமான எச்.264 வீடியோவும் ஆல்ஃபாவைக் கொண்டுவராது. படமாக இருந்தால் பிஎன்ஜி வேண்டும். அசையும் டைட்டில் என்றால் புரோரெஸ் 4444, ஆல்ஃபாவோடு எடுத்த டிஎன்எக்ஸ்எச்ஆர் 444 என்ற வீடியோ வடிவங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் படமாக வரும் பிஎன்ஜி சீக்வென்ஸ். புரோரெஸ் 4444 ஃபுல் எச்டியில், 30 ஃபிரேம் வேகத்தில், நொடிக்குச் சுமார் 330 மெகாபிட், அதாவது பத்து நொடி டைட்டிலே 400 எம்பி வரும். இடம் இல்லாதவர்கள் பிஎன்ஜி சீக்வென்ஸ் எடுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து நொடிக்கு 250 படங்கள், ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் வெளியே எடுக்கும்போது அவுட்புட் மாட்யூலில் சேனல் என்ற இடத்தில் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா' இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அது வெறும் ஆர்ஜிபியாகத்தான் இருக்கும். டாவின்சி ரிசால்வில் டெலிவர் பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் ஆல்ஃபா' என்ற டிக் இருக்கும். ஆல்ஃபா தாங்கும் கோடெக்கை (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையை) தேர்ந்தெடுத்தால்தான் அது கண்ணில் படும்.

எங்கள் ஊரில் அதிகம் நடப்பது வேறு. டிசைனர் அருமையாக பிஎன்ஜி செய்து வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பிவிடுவார். அது வழியிலேயே ஜேபெக்காக மாறி ஆல்ஃபா போய்விடும். டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் எடுக்கும் சில படங்களில் சாம்பல் வெள்ளைக் கட்டங்களே படத்தோடு வரைந்திருக்கும். அதுவும் டிரான்ஸ்பரன்ட் இல்லை.

இப்போது கோட்டுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் முடிவதில்லை. ஓரத்துப் பிக்சல்கள் பாதி எழுத்து, பாதி பின்னணி. எத்தனை பங்கு எழுத்து என்பதைச் சொல்லும் எண்தான் ஆல்ஃபா. 1970களின் கடைசியில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் இந்த யோசனையைக் கொண்டுவந்தார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் படங்களை ஒன்றின் மேல் ஒன்று சேர்க்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். நம் டைம்லைனில் ஒவ்வொரு ஃபிரேமிலும் இன்றும் ஓடுவது அந்தக் கணக்குதான்.

நிறத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஸ்ட்ரெய்ட் என்றால் ஓரத்திலும் நிறம் முழு நிறமாகவே இருக்கும், ஆல்ஃபா தனியாக இருக்கும். பிரீமல்டிப்ளைடு என்றால் நிறத்தை ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கி, கறுப்போடு கலந்து வைத்திருப்பார்கள். வெள்ளை எழுத்து, வெள்ளைப் பின்னணி, பாதி ஆல்ஃபா உள்ள ஓரப் பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் மதிப்பு 255. சரியான கணக்கில் 255இல் பாதியும் 255இல் பாதியும் சேர்ந்து 255, தூய வெள்ளை. பிரீமல்டிப்ளைடு ஃபைலில் அந்தப் பிக்சல் ஏற்கெனவே 128 ஆகக் குறைந்திருக்கும். அதை ஸ்ட்ரெய்ட் என்று நினைத்து மென்பொருள் இன்னொரு தடவை பாதியாக்கினால் 64. பின்னணியின் பங்கு 128ஐச் சேர்த்தால் 192, சாம்பல். பெரியப்பா பார்த்த கரி அந்த 192தான். இருட்டுப் பின்னணியில் இதே தவறு நடந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. அதனால்தான் எடிட் அறையில் கறுப்புத் திரையில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்ட்ரெய்ட் ஃபைலை பிரீமல்டிப்ளைடு என்று படித்தால் ஓரம் வெளுத்துத் தடித்துப் பளீரென்று தெரியும், எழுத்தைச் சுற்றித் தங்க நிற குளோ (ஒளி வட்டம்) இருந்தால் அது மெத்தென்று கரையாமல் திட்டாக நிற்கும். கறுப்பு நிழலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கறுப்பின் மதிப்பு பூஜ்யம், எத்தனை தடவை பெருக்கினாலும் பூஜ்யம்தான், அதனால் நிழலில் தவறே தெரியாது. குளோவையும் எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள்.

சரி, எங்கே மாற்றுவது? ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஃபைலின் மேல் வலது கிளிக், இன்டர்பிரட் ஃபுட்டேஜ், அங்கே ஸ்ட்ரெய்ட்டா பிரீமல்டிப்ளைடா என்று சொல்லுங்கள். பிரீமல்டிப்ளைடு என்றால் எந்த நிறத்தோடு கலந்தது என்றும் கேட்கும், அநேகமாகக் கறுப்பு. அங்கே இருக்கும் 'கெஸ்' பொத்தானை முழுதாக நம்ப வேண்டாம், அது தவறியும் போகும். ரிசால்வில் மீடியா பூலில் கிளிப் ஆட்ரிப்யூட்ஸுக்குள் ஆல்ஃபா மோட் இருக்கிறது. பிரீமியரில் மாடிஃபை என்பதன் கீழ் இன்டர்பிரட் ஃபுட்டேஜ். பிஎன்ஜி படம் முறைப்படி எப்போதும் ஸ்ட்ரெய்ட். அப்படியும் பிஎன்ஜியில் கோடு வந்தால், செய்யும்போதே கறுப்பு லேயரிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர் மெனுவில் மேட்டிங், அதில் 'ரிமூவ் பிளாக் மேட்' கொடுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

சோதிக்க நான் செய்வது: டைட்டிலுக்குக் கீழே முதலில் வெள்ளை, அப்புறம் கறுப்பு, அப்புறம் அடர் சிவப்பு, மூன்று கலர் மேட் (ஒரே நிறப் பின்னணி) வைத்து 200 சதவீதம் பெரிதாக்கி ஒரு புள்ளி எழுத்தைப் பார்ப்பேன். மூன்றிலும் ஓரம் சுத்தமாக இருந்தால்தான் கல்யாண ஃபுட்டேஜ் மேல் வைப்பேன்.

பலர் கறுப்புப் பெட்டியை மறைக்க, மேல் படம் கீழ்ப் படத்தோடு கலக்கும் விதமான பிளெண்ட் மோடை ஸ்கிரீன் ஆக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கறுப்பு போகும், ஆனால் கூடவே நிழலும் போகும், மெரூன் நிற எழுத்து பேய்போல மங்கும், வெளிச்சமான காட்சியில் பெயரே படிக்க முடியாது. பொறி, நெருப்பு, ஒளிக்கீற்று மாதிரியான வெளிச்சங்களுக்கு மட்டும் ஸ்கிரீன் சரி. கல்யாண வீடியோவில் அந்த இரண்டு பெயரைத்தான் வீட்டில் எல்லோரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், அதை மங்க விடக்கூடாது. எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் (வெளிக்கோடு) போட்டு கோட்டை மூடுவதும் இதே கதைதான், புள்ளியும் சுழியும் அடைந்துபோகும்.

கையில் ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது, டிசைனரிடம் மூல ஃபைலும் இல்லை என்றால், பின்னணி நிறத்தை வைத்து அதை நீக்கும் கீ செய்து வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அதே எழுத்துருவில் பெயரைப் புதிதாக அடித்து பிஎன்ஜியாக எடுங்கள். பத்து நிமிட வேலை. மலையாளத்துக்கு மட்டும் வீட்டார் யாரிடமாவது ஒரு தடவை காட்டி எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.