ஏழு வீட்டு சோபா
(ஆச்சியிடம் கேளுங்கள்)

கேள்வி: மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் ஐந்து நாள் சென்னைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, நானும் அவளும்தான். தாம்பரத்தில் நாத்தனார், ஆவடியில் சித்தப்பா, போரூரில் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார்கள். நாள்வாரியாக நோட்டில் எழுதி அவளிடம் காட்டினேன். "நீ மட்டும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டுகிறாள். என்ன செய்வது?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: நோட்டைப் பார்க்காமலே சொல்லுதேன் தங்கச்சி, அதுல தாம்பரம், ஆவடி, போரூர் மூணும் இருக்கும். பிள்ளை பயந்தது அதைப் பார்த்துத்தான். போன் மேல பழி போடாதீங்க.

1998-ல என் மகனுக்குப் பதினாலு வயசு. அஞ்சு நாள், ஏழு வீடு, ஏழு கிலோ அல்வா. போற வீட்டுல எல்லாம் காபி, கல்யாண ஆல்பம், "எத்தனாவது படிக்கான்? கணக்குல எவ்வளவு?" அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பஸ்ஸிலேயே பாதிநாள் ஓடிரும். கடைசி நாள்தான் எழும்பூர் மியூசியத்துக்கு நேரம் கிடைச்சுது. அன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அதுக்கு விடுமுறைன்னு எனக்குத் தெரியாது. பூட்டின கேட்டைப் பார்த்துட்டு ரயில் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டும்போது பய சொன்னான்: "யம்மா, நாம மெட்ராஸ் பார்க்கல. ஏழு வீட்டு சோபா பார்த்தோம்." நாப்பது வயசு தாண்டியும் தீபாவளிக்குத் தீபாவளி இதைச் சொல்லிக் காட்டுதான்.

போன மே மாசம் அவன் மகளை, அதான் என் பேத்தியை, நான் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கும் பதினஞ்சு. "அவளை சோபா பார்க்கக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்று வாசல்ல நின்னு சொல்லி அனுப்பினான். அதனால இந்தத் தடவை சொந்தக்காரங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம். எல்லாரையும் ஒரே வீட்டுக்கு வரச்சொல்லி, அல்வாவை அங்ஙன வச்சே பங்கு போட்டாச்சு. ஒருத்தி கோவிச்சுக்கிட்டா. அடுத்த கல்யாணத்துல பேசிட்டா.

தங்கினதும் எழும்பூர்ல ஒரு லாட்ஜ். நாத்தனார் வீட்டுல காசு மிச்சம்தான். ஆனா காலையில டிபன் முடிஞ்சு, மருமகன் ஆபீஸ் போய், அவங்க கேட்டைப் பூட்டி, நீங்க கிளம்ப மணி பதினொண்ணு ஆயிரும். எழும்பூர்ல மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, மியூசியத்துக்கு நடந்தே போயிரலாம்.

இனி முக்கியமான விஷயம். அஞ்சு நாள்ல ஒரு நாளை முழுசா மகள் கையில கொடுத்துருங்க. எங்க போறது, எதுல போறது, எங்க சாப்பிடுறது எல்லாம் அவ பாடு. அந்த நாளைக்குரிய பணத்தையும் ஒரு கவர்ல போட்டுக் கொடுங்க. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். அவளுக்குப் புத்தி சொல்லாம, பின்னாலேயே நடந்து போங்க. எனக்கு அது பெரிய பாடு. முப்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில நிக்கவச்ச வாத்திச்சி நான்!

என் பேத்தி பீச் ஸ்டேஷன்ல இருந்து வேளச்சேரி வரைக்கும் பறக்கும் ரயில்ல சும்மா ஒரு நடை போகணும்னா. என்ன இருக்கு அதுலன்னு வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். மொட்டை மாடிகளையும் காயப்போட்ட துணிகளையும் ஓடுற ரயில்ல இருந்து பார்த்துக்கிட்டே போனோம். எனக்கே பிடிச்சுப் போச்சு. திரும்பி வந்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டோம். பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்க கொண்டுவந்த நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப்போட தாராங்க. சாயங்காலம் ஏதோ கம்மலும் பையும் வாங்கி கவர் காலியாயிருச்சு, ஆட்டோவுக்குக் காசில்ல. நான் கொடுக்கல. ரெண்டு பேரும் நடந்தே லாட்ஜுக்கு வந்தோம். மறுநாள் அவளே நோட்டை எடுத்துச் செலவு எழுத ஆரம்பிச்சா.

என் நாள்ல நான் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், வெள்ளிக்கிழமை இல்லாம. 1851-ல தொடங்கினது அது. ஆதிச்சநல்லூர்ல அலெக்சாண்டர் ரீங்கிற தொல்லியல் அதிகாரி தோண்டி எடுத்த பொருள்கள் அங்கதான் வந்து சேர்ந்துச்சு. மூடியில எருமையும் பறவையும் வச்ச வெண்கலப் பாத்திரம், நெத்தியில கட்டுற தங்கப் பட்டம். முகம் சுளிச்சுக்கிட்டு வந்தவ, பேரைப் படிச்சதும் நின்னுட்டா. "ஆச்சி, திருச்செந்தூர் போற வழில வருமே, அந்த ஆதிச்சநல்லூரா?" அதேதான்னேன். நம்ம ஆத்தங்கரைச் சாமானைப் பார்க்க நாம இத்தனை தூரம் ரயில் ஏறி வரணுமான்னு அவளுக்குக் கோபமே வந்துட்டு.

பிள்ளையைக் காலையில அஞ்சு மணிக்கு எழுப்பாதீங்க. இந்த வயசுல உடம்போட உறக்க நேரமே பின்னால தள்ளிப் போயிருது. சோம்பல் இல்ல அது. மே மாசம் கத்திரி வெயில் வேற. ஒன்பது மணிக்கு மேல எழுந்து வரட்டும். நண்பகல்ல மியூசியம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி கூரைக்குக் கீழ இருக்கிற இடம். கடற்கரைக்கு நாலு மணிக்கு மேல போங்க. மெரினாவுல கால் நனைக்கிறதோட சரி. தாமிரபரணியில நீந்தின பிள்ளைன்னு தைரியம் வேண்டாம், அங்க அலை உள்ள இழுக்கும். வண்டலூர் போறதா இருந்தா செவ்வாய்க்கிழமை வேண்டாம், பூட்டியிருக்கும்.

ரயில் முன்பதிவு முன்னே 120 நாளைக்கு முன்னால திறக்கும். 2024 நவம்பர்ல இருந்து 60 நாள்தான். மே மாசத்துக்கு மார்ச்சுலயே காத்திருந்து போடுங்க. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல போய், பகல்ல வந்தே பாரத்துல திரும்புங்க. பிள்ளைக்கு ஜன்னலோரம்.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. வாப்பாவோடு சென்னை போகிறேன். மெட்ரோவில் ஒரு தடவையாவது தனியாகப் போக ஆசை. வாப்பா விடமாட்டேன் என்கிறார்.
— ஒரு மாணவன், மேலப்பாளையம்

பதில்: எய்யா, "விடுங்க"ன்னு கேட்டா விடமாட்டாக. இப்படிக் கேளு. வாப்பா முன்னால போய் அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல நிக்கட்டும். நீ எழும்பூர்ல பச்சை வழித்தடத்துல ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, நீல வழித்தடத்துக்கு மாறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு. மொத்தமே ரெண்டு ஸ்டேஷன்தான், ஆனா வண்டி மாறிப் போனேன்னு ஊர்ல வந்து சொல்லிக்கலாம். போன்ல சார்ஜ் முழுசா வச்சுக்கோ. வாப்பா நம்பரைத் தாள்ல எழுதிச் சட்டைப்பையிலயும் வை. போன் செத்துப்போனா மனப்பாடமா எந்த நம்பர் தெரியும் உங்களுக்கெல்லாம்?

கேள்வி: சென்னைக்குக் கொண்டுபோகும் அல்வா எத்தனை நாள் தாங்கும்?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: நெய் தாராளமா விட்டுக் கிண்டினதுன்னா ஒரு வாரம். ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, இறுகிப்போகும். துணிப் பைக்குள்ள மட்டும் வைக்கவே வைக்காதீங்க. 1998-ல என் மகன் சட்டை ரெண்டு அப்படித்தான் போச்சு. அதையும் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லுவான்.